அமாவாசைக்கு நின்ற அகத்தி

உத்தமபாளையத்தில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். பஞ்சாங்கத்தைத் தொடாமலே அடுத்த அமாவாசை என்றைக்கு என்று சொல்லக்கூடியவர் முகைதீன் ராவுத்தர் ஒருவர்தான். ஐந்து வேளை தொழுகிற மனிதருக்கு அமாவாசையோடு என்ன சோலி என்று கேட்டால், சோலி அவருக்கில்லை, அவருடைய அகத்திக்கு.

வாய்க்கால் கரையை ஒட்டி அவருக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. வெற்றிலைக் கொடி தன்பாட்டில் நிற்காது. அகத்தி மரத்தைக் கட்டிப் பிடித்துத்தான் மேலே ஏறும். அதனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கொடிக்கால் ஒரு அகத்தித் தோப்பாகத்தான் தெரியும். அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் செத்துப்போனவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது ஊரில் வழக்கம். அன்றைக்குக் காலையில் தேவர் தெருவிலிருந்தும் பிள்ளைமார் தெருவிலிருந்தும் பெண்கள் கட்டைப்பையோடு வாய்க்கால் கரையில் வரிசையாக வருவார்கள். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நுழையக் கூடாது, கரையிலேயே கழற்றிவிடுவார்கள். முகைதீன் ஏணியைச் சாத்தி அகத்தியின் கொண்டையிலிருந்து கீரையை ஒடித்துப் போடப் போட, அவருடைய மனைவி ஜெய்த்தூன் பீவி மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து கையளவு கையளவாகக் கட்டிக் கொடுப்பாள். காசு கிடையாது. பேச்சு உண்டு. யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் வீட்டில் மாமியாரும் மருமகளும் தனி அடுப்பு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் படியில்தான் பேசித் தீரும். மத்தியானம் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் பாயசமும் வடையும் வந்துவிடும்.

ஏணி மேல் நிற்கிற முகைதீன் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. இலைக்கு மேலே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். சிரிப்பு வருகிற இடத்தில் அவரும் சிரிப்பார், யாருக்கும் தெரியாமல்.

ஜெய்த்தூன் பீவி சர்க்கரை முற்றிச் செத்துப்போனாள். அடுத்த வருஷமே கொடிக்காலும் கிழடு தட்டிவிட்டது. பழைய கொடியையும் மரத்தையும் பிடுங்கிவிட்டு உழுது போட்டு, புதிதாக அகத்தி விதைத்தார். அகத்தி வளருகிற வரைக்கும் கீரை இல்லை. அந்த வருஷம் முழுவதும் ஒரு அமாவாசைக்கும் ஒருத்தரும் வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. அவர்கள் வந்தது கீரைக்கு. உட்கார்ந்தது ஜெய்த்தூனுக்கு. தனக்கென்று வந்தவர் யாருமில்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும். பலசரக்குக் கடையில் சரக்கு இல்லை என்றால் யார் வந்து நிற்பார்கள்? ஆனால் தெரிவது வேறு, கொடிக்கால் குடிசை வாசலில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

மகள் ஷர்மின் திருப்பூரில் இருக்கிறாள். மகன் அல்தாப் ஷார்ஜாவில். மகள் வீட்டில் ரெண்டு வாரம் இருந்து பார்த்தார். ஒரே அறை, தடுப்புக்குத் திரை. மருமகன் நல்ல பையன்தான், ஆனால் மாமனார் இருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். திரும்பி வந்துவிட்டார். ஊருக்குள் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கொடிக்காலிலேயே தங்கினார். ஒரு ஆளுக்குச் சோறாக்குவது எத்தனை கஷ்டம் என்று ஆக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சினதை மறுநாள் தின்றால் மறுநாள் ஆக்கினது மிஞ்சும்.

புது அகத்தி தலைக்கு மேல் வளர்ந்து, முதல் கீரை வெட்டுகிற பதத்துக்கு வந்த அமாவாசையன்று அவர் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் வந்தார்கள். முன்னால் வந்தவள் சங்கிலியம்மாள். அவள்தான் அந்தக் கூட்டத்துக்கு நாட்டாமை. மோட்டார் ரூம் படியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தானே அந்தப் படியில் உட்கார்ந்து, கீரையை இழுத்துப்போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"மதினி இருந்தா இந்நேரம் நாலு குடும்பத்த நாறடிச்சிருக்கும்" என்றாள். "அண்ணே, நீங்களும் ஏணிய விட்டு எறங்குறதில்ல, ஒரு வார்த்த பேசுறதில்ல. மரத்துக்கு மரம் சாத்தி வச்ச மாதிரி நிக்கிறீக."

பெண்கள் சிரித்தார்கள். முகைதீனும் சிரித்தார். அன்று மத்தியானம் தூக்குச்சட்டி வந்தது. கோயில் மாடசாமி வீட்டுப் பாயசமா, பொன்னுராஜ் வீட்டுப் பாயசமா என்று கூடத் தெரியாது. குடித்தார். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு நாள் அவருக்கு வந்துவிட்டது. மற்ற நாளெல்லாம் அந்த நாளுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

வாய்க்காலுக்கு மேலே மேட்டுக்காட்டில், காற்றாலைகளுக்கு அப்பால், ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஓட்டுகிறவரும் கற்றுக்கொள்கிறவரும் உட்கார்ந்தால் இடம் முடிந்துவிடுகிற சின்ன விமானங்கள். ஊரில் அவற்றுக்குத் தும்பி என்று பேர். ஓடுபாதை போடுவதற்காகச் சுற்றுவட்டாரத்தை அளந்தபோது முகைதீன் நிலம் உழுது கிடந்தது. விதைத்த அகத்தி முழங்கால் உயரம். அளந்தவர்கள் அதைச் செடி என்று எண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். அகத்தியை அறிந்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். அது பிள்ளை வளர்கிற மாதிரி வளராது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வளர்கிற மாதிரி வளரும். அடுத்த முறை நிமிர்ந்து பார்க்கும்போது ஓட்டு வீட்டைத் தாண்டி நிற்கும்.

வருஷத்தில் பாதி நாள் தும்பிகள் மறுபக்கமாக வந்து இறங்கும். ஆனி பிறந்து காற்று கூடலூர்ப் பக்கமிருந்து அடிக்கத் தொடங்கிவிட்டால் கதை மாறும். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டுமாம். அதற்குக் கொடிக்கால் மேலேயே வந்தாக வேண்டும். முகைதீனுக்கு அது பிடித்திருந்தது. வெற்றிலை கிள்ளிக்கொண்டிருக்கையில் நிழல் ஒன்று வரிசையைத் தாண்டி ஓடும். உள்ளே இருக்கிறவர் தலைகூடத் தெரியும். முதல் வருஷம் கையாட்டினார். பிறகு, அவர்களுக்கு இருக்கிற வேலையில் நம் கையையா பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டார். ஆனாலும் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு நேரமாயிருச்சே" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார்.

இந்த ஆடி பிறந்ததும் கழகத்தின் பயிற்சியாளர் சசிதரன் மோட்டார் பைக்கில் வந்தார். கோட்டயத்துக்காரர். அறுபதை நெருங்குகிற வயது. கரையிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு வரப்பில் வந்தார். அதற்காகவே முகைதீனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். சசிதரன் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி குடித்தார்.

அகத்தி உயர்ந்துவிட்டது, கொண்டையை ஒரு ஆள் உயரம் குறைத்துவிட்டால் நல்லது, வேண்டுமானால் தானே ஆள் அனுப்புகிறேன் என்றார். அதிகாரம் இல்லை, கேட்கிற மாதிரித்தான் சொன்னார். ஆள் வேண்டாம், கண்ட ஆளும் ஏறினால் கொடி அறுந்துபோகும், நானே வெட்டுகிறேன் என்றார் முகைதீன். எப்போது என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

"ஆடி அமாவாசைக்கு வெட்டிருவேன் சார்."

"இக்கா, நிங்களுக்கு எந்தா அமாவாசை?" என்று சசிதரன் சிரித்துவிட்டார்.

முகைதீன் விளக்கினார். பசு, கீரை, பெண்கள். ஆடி அமாவாசைக்கு வழக்கமாக வருகிறவர்களைப் போல ரெண்டு மடங்கு பேர் வருவார்கள். இப்போதே கொண்டையை வெட்டிவிட்டால் அமாவாசைக்குள் தளிர் எழும்பாது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு தடவை வெறுங்கையோடு போனவர்கள் சின்னமனூர்ப் பக்கம் வேறு கொடிக்காலைத் தேடிக்கொள்வார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

சசிதரன் தம்ளரைக் கீழே வைத்தார். "செரி. பட்சே சீக்கிரம் ஆனா நல்லது இக்கா. காத்து நம்ம பேச்சு கேட்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு முகைதீன் ஒவ்வொரு விமானத்தையும் ஏணியில் ஏறி நின்றே பார்த்தார். கொண்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடம் இருந்தது. தாராளமாகவே இருந்தது. நாளைக்கும் இருக்கும் என்று இறங்கிக்கொண்டார். கத்தியைத் தீட்டிக்கூட வைத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் ஓர வரிசையிலாவது தொடங்கலாம் என்று ஏணியைச் சாத்தினார். மேலே போனால் கீரை அத்தனை இளசாக, காற்றில் வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. இந்த வரிசை மட்டுமே அரைத்தெருவுக்குப் போதும். இறங்கிவிட்டார்.

அமாவாசைக்கு முந்தின வாரம் ஒரு காலை. அந்தப் பள்ளத்தாக்குக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. அடிக்கும், அடிக்கும், திடீரென்று மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும். சாய்ந்து நிற்பவன் விழுந்துவிடுவான். முகைதீன் வாய்க்கால் மடையில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். சத்தம் வந்தது; நிமிர்ந்தார். தும்பி எப்போதும் வருகிற இடத்தில்தான் வந்தது. காற்று நின்றது. மேலே யாரோ பிடித்திருந்த கையை விட்டுவிட்ட மாதிரி அது சடாரென்று கீழே இறங்கியது. சக்கரம் அகத்திக் கொண்டைக்குள் போனது. மரம் வளைந்தது, விடவில்லை. பிறகு பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அகத்தி மெத்தென்ற மரம். முருங்கை முறிகிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக முறிந்தது. விமானம் ரெண்டு வரிசைக் கொடியைத் தன்மேல் சுற்றிக்கொண்டு, மூக்கு வாய்க்கால் சேற்றில் பதிய, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

ஓடினார். உள்ளே ஒரு பெண் மட்டும், இருக்கை வாரில் தொங்கிக்கொண்டு. இருபது இருபத்திரண்டு இருக்கும். தனியாக ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவள். கடமலைக்குண்டில் உரக்கடை வைத்திருப்பவர் மகள், விஜி என்று பின்னால் தெரிந்தது. நெற்றியில் கொஞ்சம் ரத்தம். ஒரு தோள் தொங்கியது. கால் மாட்டிக்கொண்டிருந்தது. முகைதீன் வெற்றிலைக் கத்தியால் வாரை அறுத்து, தன் முதுகைக் கொடுத்து இறக்கி, வரப்பில் சாய்த்து உட்காரவைத்தார். கணுக்கால் அதற்குள் வீங்கிவிட்டது. ஷூவைப் பக்குவமாகக் கழற்றினார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கரையைப் பார்த்தார். கொடிக்காலுக்குள் ஷூ. இந்த நேரத்தில் இது ஒரு புத்தியா என்று தன்னையே வைதுகொண்டு அங்கேயே வைத்தார்.

அவள் அழவில்லை. முறிந்த மரங்களையே பார்த்தாள்.

"அய்யா, நான் ரொம்பத் தாழ வந்துட்டேனா?"

"இல்லத்தா" என்றார் முகைதீன். "நீ எப்பவும் வார எடத்துலதான் வந்த. மரந்தான் ஒசந்துருச்சு."

அவள் அதைக் கேட்டாளா, வலியில் கேட்கவில்லையா தெரியவில்லை. அவருடைய தோள்துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வாய்க்கால் கரை வரைக்கும்தான் வந்தது. அங்கே ஏற்றும்போதும் துண்டு அவள் கையில்தான் இருந்தது. அப்படியே போய்விட்டது.

சசிதரன் வந்தார். அப்போதும் ஷூவைக் கரையில்தான் கழற்றினார். விமானத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். திட்டுவார் என்று முகைதீன் காத்திருந்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. சசிதரன் பக்கத்தில் வந்து நின்று, மரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அமாவாசைக்கு இனி எத்தர நாளு உண்டு இக்கா?"

"நாலு நாளு சார்."

சசிதரன் தலையாட்டினார். அன்றைக்கு அவர் சாயா குடிக்கவில்லை.

அதன் பிறகு ஊர் வந்தது. பண்ணைப்புரத்திலிருந்து, சின்னமனூரிலிருந்து, கம்பத்திலிருந்துகூட வந்தார்கள். கரையில் வண்டிகள் நிறுத்த இடமில்லை. எல்லாரும் செருப்போடு உள்ளே வந்தார்கள். வெற்றிலையை மிதித்துக்கொண்டு, விமானத்துக்கு முதுகைக் காட்டி, போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஜெய்த்தூன் இறந்த அன்றுகூட இத்தனை கூட்டம் இல்லை. முகைதீன் மோட்டார் ரூம் பக்கம் ஒதுங்கி நின்றார். நிலத்துக்காரர் யார் என்று ஒருவர் கேட்டார்; தெரியாது என்று சொல்லிவிட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் டேப் பிடித்து அளந்தார்கள். கொண்டையை வெட்டச் சொல்லியிருந்தார்களா என்று கேட்டார்கள். சொன்னார்கள், அமாவாசைக்கு வெட்டலாம் என்று நான்தான் நிறுத்திவைத்தேன் என்றார் முகைதீன். அதிகாரி நிமிர்ந்து அவர் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, இதை எப்படி எழுதுவது என்பது போல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தோடு சங்கிலியம்மாளும் வந்திருந்தாள். பொன்னுராஜ் மனைவி பாண்டீஸ்வரியும் கூட. அந்தப் பெண்ணுக்கு உயிருக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தாள் சங்கிலியம்மாள். சாமி புண்ணியம் என்றாள். சாய்ந்து கிடந்த மரங்களையும் நிற்கிற மரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. அமாவாசைக்குக் கீரை இருக்குமா? இல்லேன்னா நாங்க வேற எங்கிட்டாச்சும் சொல்லி வைக்கணும்."

நிற்கிற வரிசைகள் நிறைய இருந்தன. அவற்றின் தலையெல்லாம் கீரை. மறுநாள் காலை காற்று இதே பக்கமிருந்துதான் அடிக்கும். கழகத்தில் இன்னும் ரெண்டு தும்பிகள் இருந்தன.

"இருக்காதுத்தா" என்றார் முகைதீன். "வேற எடத்துல சொல்லி வச்சிருங்க."

கூட்டம் கலைந்ததும் ஏணியை எடுத்தார். யாரும் சொல்லவில்லை. ஒரு மரம் விடாமல் கொண்டையை வெட்டினார். ஒரு ஆள் உயரம் கேட்டார்கள். அவர் ரெண்டு ஆள் உயரம் குறைத்தார். கீரை மலை போல் விழுந்தது. கீழே கட்டிக்கொடுக்க ஆள் இல்லாததால் விழுந்தது விழுந்தபடி கிடந்தது. நடுவில் ஷர்மின் போனில் கூப்பிட்டாள். வாட்சப்பில் நம் கொடிக்காலைப் பார்த்தேன், விமானம் கிடக்கிறதே, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று அழுதாள். அத்தா, இனி அங்கே ஒத்தையில் கிடக்க வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள் என்றாள். ஏணி மேல் நிற்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். பொழுது அடைகிறபோது மேற்கு மலை முழுசாகத் தெரிந்தது. அகத்தி மறைத்திருந்ததில் இத்தனை நாள் அது அங்கே இருப்பதே மறந்துபோயிருந்தது.

வெட்டின கீரையை ஈரச் சாக்குப் போட்டு மூடிப் பார்த்தார். மறுநாளே மஞ்சளடித்து உதிர்ந்தது.

அமாவாசை வந்தது. விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து குடிசை வாசலில் உட்கார்ந்தார். வராதீர்கள் என்று தானே சொல்லியிருக்கிறோம் என்பது நினைவில் இருந்தது. கரையில் ஒருத்தர் போனால் பார்த்தார். மேலே ஒரு தும்பி சிரமமில்லாமல் தாண்டிப்போனது. வெயில் ஏறியது. பிறகு எழுந்து, அகத்தியின் அடிப்பக்கத்தில் பக்கத்தளிர் எங்கே தப்பியிருக்கிறது என்று வரிசை வரிசையாகத் தேடினார். தேடிப் பொறுக்கியதில் ஒரு கட்டுத் தேறியது. வாழைநாரால் கட்டி, மொபெட்டில் முன்னால் வைத்துக்கொண்டு ஊருக்குள் போனார்.

தேவர் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஒருவர் வீடும் தெரியாது. இத்தனை வருஷமாக அவர்கள்தான் வந்தார்கள். எந்த வீட்டுப் பாயசம் எந்தத் தூக்குச்சட்டியில் வந்தது என்பது ஜெய்த்தூனுக்குத் தெரியும். டீக்கடையில் நிறுத்தி, சங்கிலியம்மா வீடு எங்கே என்று கேட்டார். எந்தச் சங்கிலியம்மா, தெருவில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்றார் கடைக்காரர். அடையாளம் சொல்ல முயன்றார்: சத்தமாகச் சிரிப்பார்கள் என்றார். அது போதுமானதாக இருந்தது.

சங்கிலியம்மாள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியோடு வாசலுக்கு வந்தவள், "என்னண்ணே, இங்கன?" என்று திகைத்துப்போய் நின்றாள். முகைதீன் கட்டை நீட்டினார். கொஞ்சம் கிடைத்தது, அதான், என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, விடியறதுக்கு முன்ன இருந்து தெருவே மாத்தி மாத்தி ஊட்டிருக்கு. அந்தா நிக்கிது பாருங்க, அகத்தியக் கண்டாலே மூஞ்சியத் திருப்புது."

ஆனாலும் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுப் பசுவிடம் போனாள். பசு மோந்து பார்த்துவிட்டு, பெரிய மனுஷர்கள் பந்தியில் இலையை மூடுகிற மாதிரித் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. சங்கிலியம்மாள் கட்டை அதன் காலடியில் வைத்தாள். பசித்தால் தின்னும் என்றாள். உள்ளே போய் ஒரு துண்டு வாழையிலையில் ரெண்டு வடை கொண்டுவந்து கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை, சொல்லக் கூடாதென்று இல்லை, வீட்டில் ஆம்பளை இல்லை, அடுப்பில் எண்ணெய் காய்கிறது. முகைதீன் வாசலில் நின்றபடியே தின்றார். சூடாக இருந்தது.

"நீங்கதான் சொல்லியிருந்தீகளேன்னு வரல" என்றாள்.

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"அடுத்த அமாவாசைக்கு இருக்குமா?"

"மரத்த இனி ஒசர விடமாட்டேன்த்தா. பக்கத்தளிருல கொஞ்சம் தேறும். நானே கொண்டாந்து குடுக்குறேன்."

"அப்ப வெள்ளன வாங்க. மாடு பசியோட இருக்கணும்" என்றாள்.

மற்றவர்கள் வீடெல்லாம் எங்கே என்று கேட்டார். சங்கிலியம்மாள் கரண்டியாலேயே காட்டினாள்: பாண்டீஸ்வரி வீடு அந்தப் பச்சைக் கதவு, முருகம்மாள் வீடு மாடிப்படி வெளியே வைத்தது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது. உள்ளே எண்ணெய் புகைகிற வாடை வந்தது. போய்விட்டாள்.

முகைதீன் இலையை மடித்துப் போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தார். மத்தியான நேரம், கதவெல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம், டிவிச் சத்தம், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம். கையில் இனிக் கீரை இல்லை. கீரை இல்லாமல் ஒரு கதவைத் தட்டி என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பச்சைக் கதவு, வெளியே வைத்த மாடிப்படி, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கிளப்பினால் தெரு சீக்கிரம் முடிந்துவிடும்.